தலை ஆடாமல் ஒரு கியர்

என் வீட்டுக்காரருக்கு வளைவு ஆகவே ஆகாது. ஆள் அரசுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். உச்சி வெயிலில் பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, மூச்சு வாங்காமல் விசில் ஊதுவார். ஆனால் கம்பமெட்டு மலை ரோட்டில் இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வந்தால் போதும், முகம் வெளுத்துவிடும். சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். எனக்கோ வளைவு என்றால் உயிர். ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் எனக்குப் பசிக்காது, தூக்கம் வராது. கோபம் மட்டும் வரும், அதுவும் முன்னால் ஆடி அசைந்து போகிற வண்டிமீது.

தேனியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறேன். கடை என்று பெயர்தான், பாதி நாள் நான் காரில்தான் கிடப்பேன். சின்னமனூரில் வாழைக்கு, காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக்கு, கம்பத்தில் தென்னைக்கு என்று குழாய்ச் சுருளை மேலே கட்டிக்கொண்டு ஓட்டம். பின்சீட்டில் குழாய் பதிக்கிற ஆட்கள், பக்கத்தில் தோட்டக்காரர் யாராவது. என் வண்டியில் ஏறுகிற அத்தனை பேரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பாத்து, பாத்து." மாட்டைப் பார், மேட்டைப் பார், பஸ்ஸைப் பார். அடேயப்பா, பார்த்துப் பார்த்தே எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது! பக்கத்தில் யாரும் இல்லாமல், குறுக்கே எதுவும் வராமல், இந்த வண்டி எவ்வளவு போகும், நான் எவ்வளவு போவேன் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது.

கோயம்புத்தூரில் குழாய் வியாபாரிகள் கூட்டம் ஒன்றுக்குப் போன இடத்தில்தான் அந்த ரேஸ் ட்ராக்கைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாமாம். பக்கத்தில் பயிற்சியாளர் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தருவாராம். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் போனில் பெயர் பதிந்துவிட்டேன்.

"ரேஸா? நம்ம செவப்புக் காரா?" என்றார் வீட்டுக்காரர். "அது தலையில இருக்கிற கொழாய எறக்கி வச்சாலே போதும், ரேஸ்ல ஜெயிச்ச மாதிரி சந்தோசப்படுமே."

எனக்கு வாய்த்த பயிற்சியாளர் என்னைவிட ரொம்பச் சின்னவள். ஒல்லியான பெண், ஹெல்மெட்டுக்குக் கீழே ஒற்றைப் பின்னல் தொங்கும். கோயம்புத்தூர்க்காரி, திட்டினாலும் கடைசியில் 'ங்க்கா' போட்டுத்தான் திட்டுவாள். முதல் வளைவிலேயே என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். வளைவைக் கண்டதும் என் கை தானாகப் போய் ஹாரனை அழுத்திவிட்டது.

"ஏனுங்க்கா, ஹாரன் எதுக்கு?"

"எதுத்தாப்ல பஸ் வந்துச்சுன்னா?"

"இங்க எல்லாரும் ஒரே பக்கந்தான் போவாங்க்கா. எதுக்க யாருமே வரமாட்டாங்க."

யாருமே வரமாட்டார்கள்! மலைரோட்டில் வண்டி பழகியவளிடம் இப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மிதித்தேன்.

மிதித்த மிதியில் நீளமான நேர்ரோடு கண்ணிமைப்பதற்குள் முடிந்து, மடங்கித் திரும்புகிற வளைவு ஒன்று முன்னால் வந்து நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். கிளட்சைப் பட்டென்று விட்டேன். எஞ்சின் அலறியது, வண்டி மூக்கைத் தரையில் குத்தியது. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், திருப்புகிறேன், வண்டி திரும்பினால்தானே? நேராகப் போய்ப் புல்லுக்குள் இறங்கி நின்றது. கண்ணாடி முழுக்கப் புழுதி.

"ஒண்ணும் ஆகலீங்க்கா," என்றாள் அவள், ஏதோ டம்ளரில் தண்ணீர் சிந்தியது போல. பிறகு நிழலில் உட்கார வைத்து விளக்கினாள். சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. கிளட்சை மிதித்திருக்கும் நேரத்தில் எஞ்சின் தணிந்துவிடுகிறது. இரண்டையும் பட்டென்று கோத்தால் எஞ்சின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். ஏற்கெனவே பிரேக் வேறு இழுக்கிறது. பாவம் டயர், எதற்கென்று பிடிமானம் கொடுக்கும்? வழுக்கிவிடும். அதனால் கிளட்சை விடுவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினையும் சக்கரத்தின் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சரி, ஆனால் வலது கால்தான் பிரேக்கில் இருக்கிறதே? அங்கேதான் வித்தை. முன்பாதம் பிரேக்கை அழுத்தியபடியே இருக்க, அதே காலின் வெளி ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலேட்டரைத் தட்ட வேண்டும். 'ஹீல் அண்ட் டோ' என்று அதற்குப் பெயர்.

"ஒரு கால்ல ரெண்டு பெடலா? எங்கூர்ல ரெண்டு காலுக்கு மூணு பெடல் இருக்கதே கூடுதல்னு புலம்புறாக," என்றேன்.

அவள் சிரித்தாள். "இதப் பழகீட்டு வாங்க்கா. அந்த வளைவுல வண்டி குலுங்காம ஒரு ரவுண்டு போயிட்டீங்கன்னா நான் எறங்கிக்கறேன், தனியாப் போங்க. குலுங்குச்சுன்னா நானும் கூடத்தான் உக்காந்திருப்பேன்."

தனியாக! ஊர் வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த முறை ஓட்டக் கிடைப்பது இரண்டு மாதம் கழித்து. அதற்குப் பிறகு புதுத் தார் போட ட்ராக்கை மூடிவிடுவார்களாம், திறப்பது எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆக எனக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதில் அந்தப் பெண்ணை நான் இறக்கிவிட்டே ஆக வேண்டும்.

முதலில் வீட்டு வாசலில், எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் பழகினேன். அங்கேயே சிக்கல். பிரேக் பெடல் உயரத்தில் இருக்கிறது, ஆக்சிலேட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. கால் ஓரம் எட்டவே இல்லை. பழனிசெட்டிபட்டியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்குப் போய், ஆக்சிலேட்டர்மேல் வைத்து முடுக்க அலுமினியத் தகடு ஒன்று வெட்டித் தரச் சொன்னேன். "எந்தப் பம்புக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே செய்து கொடுத்தார். தகடு வந்ததும் கால் எட்டியது. சும்மா நிற்கிற காருக்குள் நான் கிளட்சையும் கியரையும் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் காப்பியோடு வந்து கதவில் சாய்ந்தார்.

"நின்ன வண்டிக்குள்ள என்ன புள்ள பரதநாட்டியம்?"

"என் வண்டி, என் காலு. ஒங்க காப்பி ஆறுது, குடிங்க."

கால் பழகியது. இனி ஓட்டிப் பழக வேண்டும். ரோட்டில் முடியாது. கம்பம் ரோட்டில் நான் கியரைத் தட்டிப் பழகினால், பின்னால் வால்பிடித்து வருகிற பஸ் என்னையே தட்டிவிடும். காமயகவுண்டன்பட்டியில் அரிசி மில் ஒன்று, என் வாடிக்கையாளருடையது. அங்கே நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம், இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்காது, அவ்வளவு நீளம். நெல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று மில்காரர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஆனால் களத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் அவர் சொல்லவில்லை போல. நான் காரை ஏற்றப் போனேன், அவர் விளக்குமாறோடு குறுக்கே வந்து நின்றார்.

"ஏத்தா, செருப்பக் கழட்டு."

"நான் வண்டிக்குள்ளதான இருக்கேன்?"

"நெல்லு கெடக்குற எடம். செருப்புக் காலோட ஏறப்படாது."

"அப்ப டயரு? அது ஊரெல்லாம் மிதிச்சிட்டுல்ல வருது!"

"அதுக்கு என்னா தெரியும், பாவம். ஒனக்குத் தெரியும்ல?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கடைசியில் டயரையும் பைப்பைப் பிடித்துக் கழுவ வைத்துவிட்டுத்தான் வழிவிட்டார். செருப்பைக் களத்தின் ஓரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் ஓட்டுவோம், பெடல் காலில் நேராகப் பட்டால்தான் ஓட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் நான் அதைப் பற்றி இரண்டாவது தடவை யோசிக்கவே இல்லை. கடைசியில் என்னைக் கவிழ்த்தது அதுதான்.

"நீ தனியாப் போயி மில்லுச் செவத்துல முட்டுனா எனக்கு யாரு வந்து சொல்லுவா?" என்று வீட்டுக்காரரும் கூடவே வந்தார். அவருக்கும் அதே சட்டம்தான். தன் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி, என் செருப்பிலிருந்து தள்ளி, நிழலாகப் பார்த்து ஜோடியாக வைத்தார். அந்த வெள்ளை கேன்வாஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாரம் தவறாமல் அதற்கு வெள்ளைப் பூச்சு நடக்கும். காயும்போது பக்கத்தில் துணிகூட உதறக் கூடாது. என்னைக்கூட அவர் அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டதில்லை என்று நான் சொன்னால், "சூ எதுத்துப் பேசாதுல்ல," என்பார்.

களத்தில் வேகமெடுத்து, குறுக்கே நான் போட்டுவைத்த சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் பிடித்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டும். முதல் நாள் வண்டி தவளை மாதிரி குதித்தது. காலைச் சாய்த்தால் பிரேக் கூடுதலாக அமுங்கி அவர் பெல்ட்டில் தொங்கினார். பிரேக்கைக் காப்பாற்றினால் ஆக்சிலேட்டர் எட்டவில்லை. இரண்டும் எட்டினால் கியர் விழவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. அட, இதைவிட நல்ல மீட்டர் எங்கே கிடைக்கும்! தலை ஆடினால் கியர் தப்பு, ஆடாவிட்டால் சரி.

"தலைய வெறப்பா வச்சுக்கிறாதீக. லூசா விடுங்க. அப்பத்தான எனக்குத் தெரியும்."

"என் தலை என்ன, ஒன் வண்டிச் சாமானா?"

"கொஞ்ச நேரத்துக்குத்தான. விடுங்க."

விட்டார். மனுசன் தலையாட்டிப் பொம்மை மாதிரி கழுத்தைத் தளர்த்திக்கொண்டு, ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு, வாரா வாரம் எனக்காக உட்கார்ந்தார். நேர்க்களத்திலேயே அவருக்குக் குமட்டியது. இரண்டு தடவை இறங்கிப் போய்த் தென்னை மரத்தடியில் குனிந்து நின்றுவிட்டு வந்தார். "போதும், நீங்க நிழல்ல ஒக்காருங்க," என்றால், "மீட்டர் இல்லாம எப்பிடி ஓட்டுவ?" என்று மறுபடி ஏறிக்கொள்வார். களத்து அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "பொம்பள ஓட்டுறா, ஆம்பளைக்கு மசக்கையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

எனக்குப் பெரும்பாடாக இருந்தது பிரேக்தான். காலை உருட்டும்போது அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஒருநாள், பிரேக்கைப் பிடித்தபடி எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது விரலில் சுருக்கென்றது. மெட்டி! பெடலின் ரப்பரில் மெட்டி அழுந்துகிறது. இத்தனை நாளும் அழுந்தத்தான் செய்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. எவ்வளவு கடிக்கிறதோ அவ்வளவு பிரேக். அந்தக் கடி மாறாமல் காலைச் சாய்த்தால் பிரேக்கும் மாறவில்லை என்று அர்த்தம். மறுபடி ஓட்டினேன். கோடு வந்தது. மிதித்தேன், மெட்டி கடித்தது. கிளட்ச், கால் ஓரத்தால் ஒரு தட்டு, எஞ்சின் 'வ்ரூம்' என்று எழுந்தது, கியர் வெண்ணெயில் விரல் போவதுபோல் விழுந்தது, கிளட்சை விட்டேன். வண்டியில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு குலுக்கல் இல்லை! திரும்பி அவரைப் பார்த்தேன். தலை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"கியர் போட்டியா?" என்றார்.

"போட்டுட்டேன்!"

"எனக்குத் தெரியவே இல்லையே புள்ள!"

களத்தில் இறங்கிக் கத்தினேன், குதித்தேன், களத்து அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினேன். "நீங்க போட்ட மெட்டி இப்பத்தாங்க உருப்படியா ஒரு வேலை பாக்குது," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கல்யாணத்தில் அம்மிமேல் என் காலைப் பிடித்து அவர் அந்த மெட்டியைப் போட்டபோது, "மாப்ள, ஒன் காலும் பொண்ணு காலும் ஒரே அளவுடா!" என்று அவருடைய கூட்டாளிகள் கத்தினார்கள். மண்டபமே சிரித்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் அவர்களுக்குப் பாயசமே ஊற்றியிருக்கக் கூடாது. இன்றும் விசேஷ வீடுகளில் யாராவது அதை எடுத்துவிட்டுக் கேலி பேசுவார்கள்.

அதன்பிறகு வந்த ஞாயிறுகளில் பத்துக்கு ஒன்பது சரியாக விழுந்தது. போன தடவை ட்ராக்கில் இரவல் ஷூ போட்டு ஓட்டினேன், இந்தத் தடவை அந்த நாளுக்காகவே தேனியில் புது ஷூ வாங்கினேன். ரோஸ் நிறம், ஓடுவதற்கென்று விற்பது, அடிப்பாகம் இரண்டு இட்லியை ஒட்டிவைத்த கனம். நல்ல ஷூ போட்டால் நல்லாக ஓட்டலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

அன்று விடியும்போதே ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிவிட்டோம். காலையில் ட்ராக்கில் இறங்கினேன், பக்கத்தில் அதே பெண். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஆனால் பயமில்லை, கல்யாண வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்கும்போது வருகிற படபடப்பு. அந்த வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன். மெட்டியைத் தேடினேன். மெட்டி இல்லை! விரலும் இல்லை, பெடலும் இல்லை, மெத்தையில் கால் வைத்த மாதிரி இருந்தது. எங்கே பிரேக், எங்கே தகடு என்று ஒன்றும் விளங்காமல் இரண்டையும் சேர்த்து மிதித்துவிட்டேன். வண்டி எகிறி, குலுங்கி, எப்படியோ வளைவைத் தாண்டியது. ஹெல்மெட் போட்ட அவள் தலை நன்றாகவே ஆடியது.

"வீட்ல பழகலீங்களாக்கா?"

"பழகலையா! ரெண்டு மாசமா ஒரு மனுசன் தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டியிருக்கேன், பழகலையாங்கிற!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று, எல்லாம் அதே கதிதான். மத்தியானம் ஓட்டியபோதும் குலுங்கியது. இன்னும் மிச்சம் இருந்தது சாயங்காலம் மட்டும்தான். "பரவால்லீங்க்கா, சாயங்காலமும் நான் கூடவே வர்றேன்," என்று அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பு எனக்கு வேண்டாமே! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஷூவைப் பிய்த்துக் கழற்றி வண்டிக்கு வெளியே வீசினேன். ஒன்று போய் டயர் அடுக்கில் விழுந்தது, இன்னொன்று என் வீட்டுக்காரர் காலடியில்.

நின்ற வண்டியில் ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கால் சும்மா இருக்குமா? அது பாட்டுக்குப் பிரேக்குக்குப் போனது. மெட்டி கடித்தது. ஓரம் சாய்ந்தது, தகடு இருக்கிற இடத்தில் இருந்தது. தலையைத் தூக்கினேன். "அடியே, இந்தச் சூதான்!" என்று எனக்கு நானே கத்தினேன். களத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பழகியவள் இரண்டு இட்லியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்!

"வெறுங்காலோட ஓட்டிக்கிறவா?" என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினேன்.

"மூடுன ஷூ இல்லாம உள்ள விடமாட்டாங்க்கா. ரூல்ஸுங்க."

வீட்டுக்காரர் என் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். டயர் அடுக்கில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். வெள்ளை கேன்வாஸ், அன்று காலையில்தான் பூச்சு காய்ந்தது.

"இந்தா. அடி அப்பளமாட்டம் இருக்கும்."

"அழுக்காகுங்க."

"ஆகட்டும்."

நான் வாங்குவதற்குள் அவரே காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் காலில் மாட்டினார். பெடலில் சிக்காதபடி லேஸை இழுத்து முடிந்து, முனையை உள்ளே சொருகினார். "மிதிச்சுப் பாரு. மெட்டி தெரியுதா?" என்று கேட்டார். மிதித்தேன். தெரிந்தது. லேசாக, ஆனால் தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் சிரித்த அதே இரண்டு கால், அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. அவருடைய கூட்டாளிகளுக்கு இப்போது இன்னொரு தரம் பாயசம் ஊற்றலாம் போல இருந்தது. தரை கொதித்ததால் அவர் என் ரோஸ் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றார். அங்கே இருந்த வயசுப் பசங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

சாயங்காலம் அந்தப் பெண் பக்கத்தில் ஏறினாள். நேர்ரோடு. வளைவு. மிதித்தேன், மெட்டி கடித்தது, கிளட்ச், ஒரு தட்டு, கியர், விட்டேன். ஓரக்கண்ணால் ஹெல்மெட்டைப் பார்த்தேன். ஆடவில்லை. பின்னல்கூட ஆடவில்லை! வண்டி கோடு கிழித்த மாதிரி வளைந்து வெளியே வந்தது. அவள் ட்ராக்கை விட்டு ஓரம் கட்டச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். வண்டி நின்றதும் பெல்ட்டைக் கழற்றினாள்.

"நான் எறங்கிக்கறேங்க்கா. போங்க."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பக்கத்து சீட் காலி.

அந்தச் சுற்றுகளை எப்படிச் சொல்ல! பின்சீட்டில் ஆள் இல்லை, மேலே குழாய் இல்லை, பாத்து பாத்து இல்லை. எதிரே யாருமே வரமாட்டார்கள். மிதிக்கிறேன், வண்டி போகிறது, இன்னும் மிதிக்கிறேன், இன்னும் போகிறது! குழாய் சுமக்கிற என் கழுதைக்குள் இப்படி ஒரு குதிரை இருந்திருக்கிறதே! வளைவு ஓடி வருகிறது, காலுக்குள் ஐந்து வேலையும் நடக்கிறது, நான் எதையும் யோசிக்கவில்லை, எஞ்சின் மட்டும் ஒரு தரம் கூவிவிட்டு அடங்குகிறது. முதல் சுற்றில் கியர் விழுந்ததும் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன், தலை ஆடியதா என்று. தலையைத்தான் காணோமே! வாய்விட்டுச் சிரித்தேன். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சிரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது. சுவரோரம் ரோஸ் ஷூவோடு ஒரு உருவம் நிற்பது ஒவ்வொரு சுற்றிலும் தெரிந்தது. கடைசிச் சுற்றில் அதைத் தாண்டும்போது, எவன் என்ன சொன்னால் என்ன என்று, கம்பமெட்டுக் கொண்டை ஊசிக்கு அடிக்கிற மாதிரி நீளமாக ஒரு ஹாரன் அடித்தேன்.

ட்ராக்கை விட்டு வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் மெதுவாக நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில் எலுமிச்சம்பழம், நகத்தால் கீறிக் கீறித் தோலே இல்லாமல் கிடந்தது.

"என்னங்க, இது எதுக்கு? நீங்க தரையிலதான நின்னீக?"

"தரையிலதான் நின்னேன்," என்றார். "ஆனா நீ ஒவ்வொரு வளைவுலயும் திரும்புறப்ப எனக்கு இங்கன குமட்டுச்சு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். தனியாகப் போனேன் என்று இவ்வளவு நேரம் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஜன்னலில் கையை ஊன்றி எட்டி, உள்ளே தன் ஷூவைப் பார்த்தார். வலது ஷூவின் ஓரம் முழுக்கத் தகடு உரசிக் கறுப்பாகியிருந்தது.

"சரி, கழட்டிக் குடு," என்றார்.

"மாட்டேன். இன்னும் ஒரு ரவுண்டு விடுறாகளாம், பக்கத்துல ஆள் ஏத்திக்கலாமாம். வாரீகளா?"

எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றிவந்து, ரோஸ் ஷூவோடு ஏறி உட்கார்ந்து, கழுத்தைத் தளர்த்திவிட்டுக்கொண்டார்.